கார்டியனைக் கூட்டி வரவும்

ஊருக்கு உயிர் கொடுக்கப் போகிறார்கள் என்ற அறிவிப்பு வந்தபோதுதான், ஊர் செத்துப்போன விஷயமே ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது. அதுவரை, கொஞ்ச காலமாக ஆள் நடமாட்டம் குறைச்சல் என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாவம், விவரம் போதாத சனங்கள்.

உயிர் கொடுக்க வந்தவருக்கு உயிரூட்டல் அலுவலர் என்று பதவி. அந்தப் பதவிக்கு ஒரு கார், காருக்கு ஒரு டிரைவர், டிரைவருக்கு ஒரு உதவியாள் என்று திட்டம் ஏற்கெனவே மூன்று பேரை வாழவைத்திருந்தது. கார், பூட்டிய தபால் நிலையத்தையும் பூட்டிய மாவு மில்லையும் பூட்டிய வீடுகளையும் தாண்டி வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றது. கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் இரண்டு பெஞ்சில் அடங்கிவிட்டார்கள். ஆனாலும் அலுவலர் மைக்கில்தான் பேசினார். மைக்கை அவ்வளவு தூரம் காரில் ஏற்றிக் கொண்டுவந்தாகிவிட்டதே.

"ஒரு ஊர் எப்ப உயிரோட இருக்கு? பள்ளிக்கூட மணி அடிக்கிறப்போ! மணி அடிச்சா பள்ளிக்கூடம் இருக்கு. பள்ளிக்கூடம் இருந்தா ஊர் இருக்கு. இதை நாங்க பெரிய ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்கோம். இங்க மணி இருக்கு. கட்டடம் இருக்கு. டீச்சர் இருக்காங்க. பிள்ளைங்கதான் இல்லை. அது ஒரு சின்னக் குறை. ஒரு நல்ல திட்டத்தை ஒரு சின்னக் குறைக்காக நிறுத்த முடியுமா?"

அலுவலர் குரலைத் தழைத்துக்கொண்டார்.

"மனசு விட்டுச் சொல்றேன். என் பிள்ளைங்களையே இந்த மாதிரி அமைதியான ஊர்ல படிக்க வைக்கணும்னு எனக்குக் கொள்ளை ஆசை. நல்லவேளை, நகரத்துல இடம் கிடைச்சிருச்சு."

கைதட்டினார்கள். அந்தச் சின்னக் குறை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவோம் என்று முன்பு அறிவித்தது இதே அலுவலகம்தான். மூடப்போகிற பள்ளிக்கூடத்தில் எந்தத் தகப்பன் பிள்ளையை விட்டுவைப்பான்? ஒவ்வொரு குடும்பமாக மூட்டை முடிச்சோடு கிளம்பிப் போயிற்று. கடைசிப் பிள்ளையும் போன பிறகு, பிள்ளைகள் ஏன் போனார்கள் என்று கண்டறிய அலுவலகம் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவின் கண்டுபிடிப்புதான் மேற்படி மணி.

டீச்சர் எழுந்து நின்றார். இளம்பெண். வேலைக்குச் சேர்ந்து வந்த முதல் ஊர் இது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரே ஓர் அறையில் தனியாகத் தங்கியிருந்தார். பிள்ளைகள் போன பிறகும் தினமும் அவரே மணியடித்து, அவரே உள்ளே போய், காலி பெஞ்சுகளுக்கு வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தார். "பிள்ளைங்களுக்கு எங்க சார் போறது?" என்று கேட்டார்.

"சேர்க்கை விதியைப் படிச்சீங்களா? குறைந்தபட்ச வயசு போட்டிருக்கு. அதிகபட்ச வயசு போடலை. போட யாருக்கும் தோணலை. கண்ணு முன்னாடி இவ்வளவு பேர் உக்காந்திருக்காங்க, பிள்ளை இல்லைங்கிறீங்களே!"

இப்படியாக, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போவதற்குள் மாணவர்களாகிவிட்டார்கள். பீரோவில் மூன்றாம் வகுப்புப் புத்தகங்கள் மட்டும் மிச்சமிருந்ததால் எல்லோரும் மூன்றாம் வகுப்பு. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், பெட்டிக்கடை அக்கா, ஒரே வீட்டில் இருந்தும் பல வருடமாகப் பேசிக்கொள்ளாத ஒரு கணவன் மனைவி, அப்புறம் தையல்காரர். இந்தக் கதை தையல்காரரைப் பற்றியது.

தையல்காரருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. ஒரே மகள் நகரத்தில் ஒரு பெரிய துணி கம்பெனியில் சட்டைகளைச் சோதித்து அனுப்பும் வேலை பார்த்தாள். அம்மாவின் காரியத்துக்கு வந்துவிட்டுப் போனவள்தான். அதன் பிறகு வரவில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. லீவு கிடையாது, அவ்வளவுதான். வாரம் ஒருமுறை போன் வரும்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேன்மா."

"மாத்திரை?"

"போட்டுட்டேன்."

அதற்குப் பிறகு இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியாது. அவள் பக்கத்திலிருந்து நூற்றுக்கணக்கான தையல் மெஷின்களின் இரைச்சல் கேட்கும். அவர் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு "சரிம்மா" என்பார். வைத்துவிட்டுத் தன் மெஷினில் உட்கார்ந்து மிதிப்பார். தைக்கத் துணி இல்லாத நாளிலும், நூல் கோக்காமலேயே மிதிப்பார். வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் கேட்க வேண்டாமா?

சேர்க்கையன்று டீச்சர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விவரம் கேட்டார். "கார்டியன் யாருங்க ஐயா?"

"கார்டியன்னா?"

"உங்களுக்குப் பொறுப்பானவங்க. அப்பா, அம்மா..."

"அவங்க போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சேம்மா."

"அப்ப நெருங்கின சொந்தம் யாராவது?"

தையல்காரர் யோசிக்கவே இல்லை. மகளின் போன் நம்பரைச் சொன்னார். டீச்சர் அங்கேயே போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

"வணக்கம், பள்ளிக்கூடத்துலேருந்து பேசறேன். உங்க அப்பாவை மூணாம் வகுப்புல சேர்க்கிறோம். உங்களைக் கார்டியனாப் போட்டுக்கலாமா?"

அந்தப் பக்கம் இரைச்சலுக்கு நடுவே மகள் சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று தையல்காரருக்குச் சட்டென்று உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்பா, நல்லாப் படிங்க! இல்லல்ல, படிக்காதீங்க. ரகளை பண்ணுங்க. எங்க கம்பெனில அப்பா தனியா இருக்கார்னு லீவு கேட்டா சிரிப்பாங்க. ஆனா நம்ம பொறுப்புல இருக்கிற பிள்ளையால ஸ்கூல்ல பிரச்சினைன்னு முத்திரை குத்தின லெட்டர் வந்தா ஒரு நாள் குடுத்தே ஆகணும். ரூல் அது. நீங்க ஏதாவது பண்ணுங்க, நான் ஓடி வந்துடறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் தையல்காரருக்கு வாயால் சொன்னால் போதும், ஆர்டர் ஆர்டர்தான். எப்பாடுபட்டாவது ரகளை செய்துவிடுவது என்று அன்றே முடிவு செய்துகொண்டார்.

முதலில் சீருடை வந்தது. அதாவது துணி வந்தது. தைக்க வேண்டியவர் அவரேதான். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அரைக்கால் சட்டை என்று விதி இருந்ததால் கண்டக்டருக்கும் அரைக்கால் சட்டைதான். "முப்பது வருஷம் காக்கி பேன்ட் போட்டுப் படிக்கட்டுல நின்னவன்யா நான்! இந்தக் காலை ஊர் பாக்கணுமா?" என்று கண்டக்டர் குதித்தார். அக்காவுக்குப் பாவாடை சட்டை. அவர் பாவாடையில் ஒரு பெரிய பாக்கெட் மட்டும் வைக்கச் சொன்னார். வகுப்பிலேயே கடையை நடத்திக்கொள்ள அது பிறகு வசதியாக இருந்தது.

எல்லோருக்கும் அளவெடுத்த தையல்காரர் கடைசியில் தனக்கு அளவெடுத்தார். இடுப்பு வந்தது, கை வந்தது. தோள்பட்டை வரவில்லை. தன் தோளைத் தானே அளக்க முடியாது. டேப்பின் இன்னொரு முனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஸ்டூலில் ஏறி நின்று பிடிப்பாள். அப்புறம் மனைவி பிடித்தாள். இப்போது டேப்பின் முனையைச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு முதுகைக் காட்டி நின்று பார்த்தார். என்ன அளவு வந்ததோ, அவருக்கே நம்பிக்கையில்லை. பழைய சட்டையை வைத்து உத்தேசமாக வெட்டிவிட்டார். கூப்பிட்டால் கண்டக்டர் வந்து பிடித்திருப்பார். ஏனோ கூப்பிடத் தோன்றவில்லை.

பள்ளிக்கூடம் நடந்தது. மணி அடித்தது. ஊருக்கு உயிர் வந்துகொண்டிருப்பதாகச் செய்தி மேலிடத்துக்குப் போனது. அங்கிருந்து வளர்ச்சியைக் காட்டு என்று உத்தரவு வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதாமாதம் வளர வேண்டும் என்று ஏதோ ஒரு காகிதத்தில் இருக்கிறது. டீச்சர் ஒவ்வொருவரையும் சுவரோடு நிற்கவைத்து உயரம் அளந்தார். யாரும் வளரவில்லை. கண்டக்டர் கொஞ்சம் குறைந்திருந்தார்.

அலுவலர் நேரில் வந்து விசாரித்தார். "என்ன டீச்சர் இது? 'வளர்ந்து முடித்துவிட்டார்கள்'னு எழுதியிருக்கீங்க?"

"உண்மையே அதுதானே சார்."

"வளர்ச்சிங்கிறது முடியவே முடியாத ஒண்ணும்மா. அதனாலதான் எங்க ஆபீஸே நடக்குது. எல்லாருக்கும் பால் குடுங்க. இவரை," என்று கண்டக்டரைக் காட்டி, "கொஞ்சம் தலைமுடியைத் தூக்கிச் சீவச் சொல்லுங்க."

கண்டக்டருக்குத் தலையில் முடி இருந்த காலத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லை. அலுவலர் அதைக் கவனிக்கவில்லை. அவர் மாணவர்களின் எதிர்காலத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக எழுப்பி, பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டார்.

"ரிட்டயர் ஆகணும் சார்," என்றார் கண்டக்டர். பேசிக்கொள்ளாத கணவன், தனி வீடு கட்டப்போவதாகச் சொன்னார். மனைவி கதவு மட்டும் தன் பக்கம் வேண்டாம் என்றாள். வருடக்கணக்கில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான் என்பதால் வகுப்பே திரும்பிப் பார்த்தது. தையல்காரர் எழுந்து, "தையல்காரர் ஆகணும் சார்," என்றார்.

அலுவலர் முகம் சுளித்தார். "இதான் நம்ம கிராமத்துப் பிள்ளைங்ககிட்ட இருக்கிற குறை. கனவு பெருசா இருக்கணும்! நல்லாப் படிக்கணும், இந்த ஊரை விட்டுக் கிளம்பணும், நகரத்துக்குப் போகணும், முடிஞ்சா வெளிநாட்டுக்குப் போகணும். திரும்பிப் பார்க்கக் கூடாது. அப்பதான் இந்த ஊருக்குப் பெருமை."

உட்காரும்போது தையல்காரர் தன் மகளை நினைத்துக்கொண்டார். அவள் நல்ல மாணவியாக இருந்திருக்கிறாள். இதே பள்ளிக்கூடத்தில், அலுவலர் சொன்ன மாதிரியேதான் படித்திருக்கிறாள்.

இதற்கிடையே ரகளை வேலையும் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அது அவர் நினைத்ததுபோல லேசாக இல்லை. வீட்டுப்பாடம் எழுதாமல் போய்ப் பார்த்தார். "பரவாயில்லைங்க ஐயா, எனக்கும் திருத்துற வேலை மிச்சம்," என்றார் டீச்சர். தாமதமாகப் போய்ப் பார்த்தார். அக்கா கடையைத் திறந்துவிட்டு வருவதற்குள் மத்தியானமாகிவிடும், மற்றவர்களும் அந்தக் கணக்கில்தான் வந்தார்கள் என்பதால் தையல்காரருக்கு முன்னால் ஒருவரும் வந்திருக்கவில்லை. டீச்சர் அவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, முதலில் வந்தவர் என்று பாராட்டி வேறு வைத்தார்.

கடைசியில் கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னார். கண்டக்டருக்கு மனசு இளகிவிட்டது. அவருக்கும் வெளியூரில் ஒரு மகன் இருந்தான். அவன் வேலை செய்யும் கம்பெனியில் எந்த ரூலும் இல்லை.

"சண்டை போடுவோம்யா. டீச்சர் பார்க்கிற மாதிரி என் சட்டையைக் கிழி. அதுக்கு மேல என்ன ரகளை வேணும்?"

திட்டமிட்டபடி சண்டை நடந்தது. "டிக்கெட் எடுக்காம ஏறின நாயே!" என்று கண்டக்டர் பழைய பழக்கத்தில் திட்டினார். தையல்காரர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். டர்ரென்று கை மூட்டில் கிழிந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தையல்காரருக்குப் பொறுக்கவில்லை. டீச்சர் சமையற்கட்டிலிருந்து பால் சட்டியோடு வெளியே வந்தபோது, அவர் கண்டக்டரை மரத்தடியில் உட்காரவைத்து, பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, கிழிசலைத் தைத்து முடித்து, பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தார். முன்பைவிட நன்றாகவே இருந்தது. "இவ்வளவு அன்பான மாணவர்களை நான் பார்த்ததே இல்லை," என்றார் டீச்சர். கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

வாரா வாரம் போனில், "என்னப்பா, ரகளை எந்த அளவுல இருக்கு?" என்று மகள் கேட்டாள். சாப்பிட்டீர்களா என்பதற்குப் பதிலாக இப்போது அதைத்தான் கேட்டாள். அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். பேச்சு நீண்டது. அவள் சிரித்தாள். ஆனால் சிரிப்பு போனோடு முடிந்துவிட்டது. போனை வைத்ததும் வீடு முன்பைவிட அமைதியாக இருந்தது. அவருக்கு மகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பேனர் வந்தது. உயிரூட்டல் விழாவுக்காக, நல்ல கெட்டித் துணியில், 'ஊருக்கு உயிர்' என்ற எழுத்துகளோடு அலுவலரின் முகம் ஆளுயரத்துக்கு அச்சடிக்கப்பட்டிருந்தது. அதைப் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக வைக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தையல்காரர் துணியை விரலால் தடவிப் பார்த்தார். இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று தெரிந்தது. மறுநாள் இடைவேளையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து பேனரை வெட்டினார்.

கண்டபடி வெட்டிப் பாழாக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தார். கை கேட்கவில்லை. நூல் ஓடும் திசையைப் பார்த்து நேராக வெட்டியது. வெட்டிய ஓரம் பிசிறாக நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய் மடித்துத் தைத்தார். வகுப்பில் மேற்குப் பக்க ஜன்னல் வழியாக வெயில் டீச்சரின் முகத்தில் அடிப்பது பல நாளாக அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. அளவும் சரியாக இருந்தது. நடுவில் விலகும் இரட்டைத் திரைச்சீலையாக மாட்டிவிட்டார்.

விழாவுக்கு முன்னேற்பாடு பார்க்க வந்த அலுவலர் வகுப்பறைக்குள் நுழைந்தார். ஜன்னலில் இருந்து அவரே அவரைப் பார்த்துச் சிரித்தார். அப்போது காற்றுக்காக அக்கா திரையை விலக்கினார். அலுவலரின் முகம் மூக்கோடு இரண்டாகப் பிளந்து, ஒரு கண் இந்தப் பக்கமும் ஒரு கண் அந்தப் பக்கமுமாகப் போய்ச் சேர்ந்தது.

"யார் பண்ணது இது?"

"நான்தான் சார்," என்று தையல்காரர் எழுந்து நின்றார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் எந்தத் தப்பையும் ஒப்புக்கொண்டதில்லை.

"ஒழுங்கீனம்! அராஜகம்! டீச்சர், இவரை வகுப்புக்கு வெளியே நிக்க வையுங்க. நாளைக்கே கார்டியனைக் கூட்டிட்டு வரணும்!"

"முத்திரை போட்டு லெட்டர் குடுப்பீங்கள்ல சார்?" என்று கேட்டார் தையல்காரர்.

லெட்டர் அன்றே அலுவலரின் காரில் நகரத்துக்குப் போனது. மறுநாள் மகள் வந்தாள். பெரிய ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, பூட்டிய வீடுகளின் வழியாகக் கைப்பையோடு நடந்து வந்தாள். அரைக்கால் சட்டையில் வகுப்பறை வாசலில் நின்றுகொண்டிருந்த அப்பாவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"லெட்டரைக் காட்டினதும் கம்பெனியே கூடிருச்சுப்பா. 'கல்யாணமே ஆகலை, மூணாம் வகுப்புல பையனா'ன்னு லைன் முழுக்க ஒரே பேச்சு. நான் ஒண்ணுமே சொல்லலை. சொன்னா லீவு போயிருமே."

"இளைச்சுட்டியேம்மா," என்றார் அவர்.

உள்ளே கூப்பிட்டார்கள். மகள் சின்ன பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். தையல்காரர் பக்கத்தில் கைகட்டி நின்றார். மூலையில் டீச்சர் தலைகுனிந்திருந்தார். அலுவலர் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார், நிற்பவரைப் பார்த்தார், கடைசியில் கோப்பையே நம்பினார்.

"உங்க பையன் நடத்தை சரியில்லைம்மா."

"சார், இவர் எங்க அப்பா."

"அது உங்க குடும்ப விஷயம். இங்க இவர் மாணவர், நீங்க கார்டியன். கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. வீட்டுல இவரோட உக்காந்து பேசறீங்களா?"

மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "போன்ல பேசுவேன் சார்."

"போன்ல! என்ன பேசுவீங்க?"

"சாப்பிட்டீங்களான்னு கேப்பேன்."

"சாப்பிட்டியான்னு கேட்டாப் போதுமா? யாரோட உக்காந்து சாப்பிட்டேன்னு கேட்டிருக்கீங்களா? பள்ளிக்கூடம் எல்லாத்தையும் செய்ய முடியாதும்மா. குறும்பு பண்ற பிள்ளைங்க எல்லாம் ஒண்ணே ஒண்ணைத்தான் கேக்குது. என்னைக் கொஞ்சம் வந்து பாருங்கன்னு. அதுக்கு வேற மாதிரி கேக்கத் தெரியாது."

அது பயிற்சி முகாமில் மனப்பாடம் செய்த வசனம். எந்த ஊரில் எந்தப் பெற்றோர் வந்தாலும் அலுவலர் அதைத்தான் ஒப்பிப்பார். அதற்கு அர்த்தம் இருக்கக்கூடும் என்று அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அதனால், எதிரில் இருந்த பெண் ஏன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

"அவளை விடுங்க சார், தப்பு என்னோடது," என்றார் தையல்காரர். ரகளை அளவு மீறிவிட்டது என்று அவருக்குப் பட்டது. மகளின் தோளைத் தொட நீட்டிய கை பாதியில் நின்றது. மாணவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அலுவலருக்குத் திடீரென்று வேறொன்று உறைத்தது. "ஏம்மா, நீங்க இந்த ஊர்லேருந்து நகரத்துக்குப் போனவங்கதானே?"

"ஆமா சார்."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"இங்கதான்..."

"டீச்சர்! ஊரை விட்டுப் போனவங்க திரும்பி வந்திருக்காங்க! இதுக்குத்தானே இந்தத் திட்டமே! போனவங்க ஒருத்தராவது திரும்பினா ஊருக்கு உயிர் வந்துட்டதா அர்த்தம். டிரைவரைக் கூப்பிடுங்க, கேமராவை எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"சார், நான் சாயங்கால பஸ்ஸுக்குப் போயிருவேன்."

"சாயங்காலத்தைப் பத்தி நான் கேக்கலையேம்மா. போட்டோ இப்பதான் எடுக்கப்போறோம்."

திரையை இழுத்து மூடி, அலுவலரின் முகத்தை ஒன்றாக்கி, அதற்கு முன்னால் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். மகளின் கண் சிவந்திருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று படத்துக்குக் கீழே பிறகு எழுதினார்கள். காரில் ஏறுவதற்கு முன் அலுவலர் தண்டனையையும் மறக்காமல் சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் உள்ளே வா என்று கூப்பிடும்வரை மாணவர் தினமும் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும்.

வீட்டில் மகள் சமைத்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாதியில் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, சட்டை யார் தைச்சது?"

"நான்தான். ஏன்?"

"தோள்பட்டை இறங்கிக் கிடக்கு. நாள் முழுக்க இதைத்தானே பார்க்கறேன், எனக்குத் தெரியாதா? எங்க கம்பெனியா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்."

"அளவெடுக்க ஆள் இல்லைம்மா."

அவள் கை கழுவிவிட்டு டேப்பை எடுத்துவந்தாள். அவர் திரும்பி நின்றார். ஒரு முனையை இந்தத் தோளில் அழுத்தி, டேப்பை மறுதோள்வரை இழுத்துப் பிடித்தாள். இப்போது ஸ்டூல் தேவைப்படவில்லை. அளவைப் பார்த்துவிட்டு மறுபடியும் அளந்தாள்.

"சுருங்கிட்டீங்கப்பா," என்றாள். சட்டையை வாங்கித் தையலைப் பிரித்து, அவர் மெஷினில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். இந்த முறை மெஷினில் நூல் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்கூட வந்துடுங்கன்னு சொல்லத்தான் ஆசை. ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு ஆறு பேர்ப்பா. ஆம்பளைங்க வாசல்வரைக்கும்தான் வரலாம்."

"எனக்கு என்னம்மா இங்க. ஸ்கூல் இருக்கே."

அவள் சிரித்தாள். "ஆமா. அடுத்த மாசமும் ஏதாவது பண்ணுங்க. பேனரைவிடப் பெருசா. மாசாமாசம் வந்துடறேன்."

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது தையல்காரர் அடுத்த ரகளைக்கு யோசித்துக்கொண்டே நடந்தார். அலுவலரின் கார் சீட்டுக்கு உறை தைக்கலாம். ஊசியை உள்ளேயே விட்டுவிடலாம். பூட்டிய வீடுகள் அன்று அவர் கண்ணில் படவே இல்லை.

காலையில் சரியான தோள்பட்டையோடு சீருடையை மாட்டிக்கொண்டு, மணிக்கு முன்பே போய் வகுப்பறைக்கு வெளியே நின்றார். மணி அடிக்கவில்லை. டீச்சர் பெட்டியோடு வெளியே வந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவர் முகம் வீங்கியிருந்தது.

"ஊருக்கு உயிர் வந்துட்டதாம் ஐயா. போட்டோ மேல வரைக்கும் போயிருச்சு. குணமானவங்களுக்கு எதுக்கு வைத்தியம்னு ஸ்கூலை மூடச் சொல்லிட்டாங்க. எனக்கு வேற ஒரு செத்த ஊர் குடுத்திருக்காங்க."

தையல்காரருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "அப்ப கார்டியனுக்கு லெட்டர்?"

"ஸ்கூலே இல்லைன்னா லெட்டர் ஏதுங்க ஐயா?"

டீச்சர் ஒரு சான்றிதழை அவர் கையில் கொடுத்தார். நடத்தை: மிக நன்று என்று இருந்தது.

"இதை மட்டும் மாத்திக் குடுங்கம்மா. மோசம்னு எழுதுங்க. நான் செஞ்சது எல்லாருக்கும் தெரியுமே."

"எழுத முடியாதுங்க. அச்சடிச்சே வந்திருக்கு, எல்லாருக்கும் ஒரே மாதிரி."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. டீச்சர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். போகிற அவசரத்தில் தண்டனையை ரத்து செய்ய அவருக்கு நினைவில்லை. கார் போன பிறகு பள்ளிக்கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஜன்னலுக்கு உள்ளே, பாதி விலகிய திரையில் அலுவலர் ஒரு கண்ணால் சிரித்துக்கொண்டிருந்தார். தையல்காரர் எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

பையில் போன் அடித்தது. மகள். இது வாரத்தின் வழக்கமான நாள்கூட இல்லை. பின்னால் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன.

"என்னப்பா, இன்னைக்கு என்ன ரகளை?"

"வெளிய நிக்க வச்சிருக்காங்கம்மா."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் அது முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"எப்பப்பா உள்ள கூப்பிடுவாங்க?"

தையல்காரர் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தார்.

"கூப்பிடுவாங்கம்மா," என்றார்.